உப்பு தூவும் லோரியை உப்பிடமிருந்து காப்பது எப்படி?



துருப்பிடித்தலைப் பற்றி வகுப்பில் பேசிக் கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "டீச்சர், நம் நாட்டில் வெயிலும் மழையும் மாறி மாறி வருவதால் இரும்பு துருப்பிடிக்கிறது. குளிர் நாடுகளில் தண்ணீரே உறைந்து கட்டியாகி விடுகிறதே! அங்கே மட்டும் ஏன் வாகனங்கள் சீக்கிரம் துருப்பிடிக்கின்றன?"

அவள் கேட்டது சரியான கேள்வி. பதில் நம் சமையலறையில் இருக்கிறது. அதுதான் உப்பு. அந்த உப்பை முதுகில் சுமந்து கொண்டு பனிக்குள் போகும் ஒரு வாகனத்தைப் பார்த்தால், துருப்பிடித்தல் பாடம் முழுவதும் நமக்கு விளங்கிவிடும். அந்த வாகனம்தான் பனி அகற்றும் லோரி.

லோரிக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

அமெரிக்காவின் வடக்கே, கனடாவை ஒட்டி இருக்கும் மாநிலம் மினசோட்டா. அங்குள்ள மினியாபொலிஸ் நகரில் ஒரு குளிர்காலத்தில் சராசரியாக 130 சென்டிமீட்டர் பனி பொழிகிறது. அந்த மாநிலப் போக்குவரத்துத் துறையிடம் 800-க்கும் மேற்பட்ட பனி அகற்றும் லோரிகள் உள்ளன. மக்களுக்கு இவற்றின் மீது தனிப் பிரியம் உண்டு. 2020-21 குளிர்காலத்தில் தொடங்கி, ஆண்டுதோறும் மக்களே வாக்களித்துச் சில லோரிகளுக்கு வேடிக்கையான பெயர்களைச் சூட்டுகிறார்கள்.

இந்தப் பிரியத்துக்குக் காரணம் உண்டு. பனிப்புயல் வீசும் இரவில் ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் ஓட வேண்டுமானால், அவற்றுக்கு முன்னால் இந்த லோரி போயிருக்க வேண்டும். லோரி நடுவழியில் பழுதாகி நின்றால் அந்தச் சாலையே அடைபட்டுவிடும். ஆகவே இதைப் பராமரிப்பது வெறும் வண்டி வேலையன்று. பல உயிர்கள் இதை நம்பியிருக்கின்றன.

லோரியின் முன்புறத்தில் வளைந்த பெரிய எஃகுத் தகடு ஒன்று இருக்கும். நிலத்தை உழும் கலப்பையைப் போலப் பனியைக் கிழித்து ஓரம் தள்ளுவதால் அதைப் பனிக்கலப்பை என்று சொல்லலாம். பின்புறத்தில் உப்பு நிறைந்த பெரிய தொட்டி. தொட்டியின் அடியில் ஓடும் சங்கிலிப் பட்டை உப்பை இழுத்து வர, சுழலும் வட்டத் தட்டு அதைச் சாலையில் வீசும். முன்னால் இருக்கும் கலப்பைக்கு எதிரி தேய்மானம். முழு லோரிக்கும் எதிரி துரு.

சாலையில் உப்பு எதற்கு?

தூய நீர் 0 பாகை செல்சியஸில் உறையும். அதில் உப்பைக் கரைத்தால் உறைநிலை கீழே இறங்கும். சாதாரண உப்பான சோடியம் குளோரைடு, 100 கிராம் கரைசலில் ஏறத்தாழ 23 கிராம் இருக்கும்போது உறைநிலை -21 பாகை வரை இறங்குகிறது. ஆனால் உண்மையான சாலையில், சுமார் -9 பாகைக்குக் கீழே போனதும் சாதாரண உப்பு மிக மெதுவாகத்தான் பனியை உருக்கும். அதனால் கடுங்குளிரில் மக்னீசியம் குளோரைடு, கால்சியம் குளோரைடு ஆகியவற்றையும் கரைசலாகச் சேர்த்துத் தெளிக்கிறார்கள். மக்னீசியம் குளோரைடு கரைசல் ஏறத்தாழ -33 பாகை வரையிலும், கால்சியம் குளோரைடு கரைசல் -50 பாகை வரையிலும் உறையாமல் இருக்கக்கூடியவை.

இப்போது மாணவியின் கேள்விக்கு வருவோம். உறைந்த பனிக்கட்டி இரும்பை அதிகம் தொல்லை செய்யாது. உப்பு சேர்ந்ததும் அது உறையாத திரவமாகிறது. சக்கரங்கள் வாரி இறைக்க, அந்தத் திரவம் லோரியின் அடிப்பகுதி முழுவதும் ஒட்டிக் கொள்கிறது.

உப்புநீர் இரும்பை என்ன செய்கிறது?

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும் என்று தொடக்கப்பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். உள்ளே நடப்பதைச் சற்று உற்றுப் பார்ப்போம்.

இரும்பின் மேற்பரப்பில் ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து அயனிகளாகி நீரில் கலக்கின்றன. அந்த எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியாக இன்னோர் இடத்துக்கு ஓடுகின்றன. அங்கே ஆக்சிஜனும் நீரும் அவற்றை வாங்கிக் கொண்டு ஹைட்ராக்சைடு அயனிகளாகின்றன. இரண்டும் சேர்ந்து, பிறகு மேலும் ஆக்சிஜனுடன் வினைபுரிந்து, நாம் பார்க்கும் செம்பழுப்புத் துருவாகிறது.

இது ஒரு மின்சுற்றைப் போன்றது. எலக்ட்ரான்கள் உலோகத்தில் ஓட, அயனிகள் நீரில் ஓட வேண்டும். தூய நீரில் அயனிகள் மிகக் குறைவு. அதனால் சுற்று மந்தமாக ஓடும். உப்புநீரில் அயனிகள் ஏராளம். சுற்று வேகமாக ஓடும். அதோடு, சில உலோகங்களின் மேல் இயற்கையாகவே படியும் பாதுகாப்புப் படலத்தைக் குளோரைடு அயனிகள் உடைத்து ஊடுருவும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. மக்னீசியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கொள்ளும். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் சாதாரண உப்பு நீர்த்துப் போகும். மற்ற இரண்டுக்கும் சுமார் 33 விழுக்காடே போதும். அதாவது, பனி நின்று, சாலை காய்ந்து, வெயில் வந்த பிறகும் லோரியின் அடியில் ஒட்டிய சேறு ஈரமாகவே இருக்கும். துருவுக்கு விடுமுறையே கிடையாது.

தானே தேய்ந்து தகட்டைக் காக்கும் பட்டை

இனி கலப்பையைப் பார்ப்போம். சாலையில் மணலும் சிறு கற்களும் கிடக்கும். மணலில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம், கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7-ஆம் இடத்தில் உள்ளது. சாதாரண எஃகு அதைவிட மென்மையானது. ஆகவே எஃகு சாலையைச் சுரண்டும்போது, சாலையும் எஃகைச் சுரண்டுகிறது.

அந்தப் பெரிய கலப்பைத் தகடு விலை உயர்ந்தது. அது தேய்ந்துவிட்டால் பெரிய செலவு. அதனால் பொறியாளர்கள் தகட்டின் அடிவிளிம்பில் நீண்ட எஃகுப் பட்டை ஒன்றைப் போல்ட் போட்டு மாட்டியிருக்கிறார்கள். சாலையைத் தொடுவது அந்தப் பட்டை மட்டுமே. தேய வேண்டியதும் அதுவே. தேய்ந்ததும் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவார்கள். பல பட்டைகளில் துளைகள் இரு பக்கத்துக்கும் பொருந்தும்படி இருக்கும். ஒரு விளிம்பு தேய்ந்ததும் தலைகீழாகத் திருப்பி மறு விளிம்பையும் பயன்படுத்தலாம்.

பராமரிப்பாளரின் வேலை என்ன? ஒவ்வொரு முறை லோரி திரும்பி வரும்போதும் பட்டையில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பது. தேய்மானம் போல்ட்டுகளை எட்டும் முன்பே மாற்றிவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் பட்டை காக்க வேண்டிய தகடே சாலையில் உரசத் தொடங்கும். சிறு செலவை மிச்சப்படுத்தப் போய்ப் பெரிய செலவில் மாட்டிக் கொள்வோம்.

பட்டை நீண்ட நாள் உழைக்க, அதில் டங்ஸ்டன் கார்பைடு துண்டுகளைப் பதிப்பதும் உண்டு. மோஸ் அளவுகோலில் இது ஏறத்தாழ 9. குவார்ட்ஸால் இதை எளிதில் கீற முடியாது. ஆனால் மிகக் கடினமான பொருள்கள் பெரும்பாலும் எளிதில் உடையக்கூடியவை. சாலையில் துருத்தி நிற்கும் இரும்பு மூடியில் மோதினால் கார்பைடு துண்டு விரிசல் விடலாம். இதைத் தவிர்க்கச் சில பட்டைகளில் கார்பைடை ரப்பருக்குள் பொதிந்து வைக்கிறார்கள். மோதலின் அதிர்ச்சியை ரப்பர் வாங்கிக் கொள்ளும்.

கலப்பை எதிலாவது மோதினால் பின்னோக்கிச் சாய்ந்து, தடையைத் தாண்டியதும் மீண்டும் நிமிரும்படி வலுவான சுருள்வில்களும் பொருத்தப்பட்டிருக்கும். அவை துருவால் இறுகிவிட்டால் மோதலின் விசை முழுவதும் லோரியையும் ஓட்டுநரையும் தாக்கும். அதனால் சுருள்வில்களைச் சோதிப்பதும், கீல்களிலுள்ள ஊசிகளுக்குக் கிரீஸ் இடுவதும் அன்றாட வேலை.

துத்தநாகம் செய்வதும் அதுவே

தேயும் பட்டையின் தத்துவத்தை வேதியியலிலும் காணலாம். வினைத்திறன் வரிசையில் துத்தநாகம் இரும்புக்கு மேலே இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக் கொண்டு உப்புநீரில் நனைந்தால், துத்தநாகமே முதலில் எலக்ட்ரான்களை இழக்கும். இரும்பு தப்பிக்கும். சாயம் கீறப்பட்டால் அந்தக் கீறலில் துரு உடனே தொடங்கும். துத்தநாகப் பூச்சு சிறிது கீறப்பட்டாலோ, சுற்றியுள்ள துத்தநாகம் தான் கரைந்து அந்த இடத்து இரும்பைக் காக்கும். கடலில் ஓடும் கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவதும் இதற்காகவே.

வினைத்திறன் வரிசையைக் கவனிக்காவிட்டால் அதுவே எதிராகவும் திரும்பும். எஃகுச் சட்டத்தின் மீது அலுமினியப் பாகத்தை நேரடியாகப் போல்ட் போட்டு இறுக்கினால், உப்புநீர் பட்டதும் வினைத்திறன் மிகுந்த அலுமினியம் அரிக்கப்படும். அதனால் இரண்டுக்கும் நடுவே ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வளையம் வைத்துத் தொடர்பைத் துண்டிக்கிறார்கள்.

உப்புத் தொட்டியை துருப்பிடிக்காத எஃகில் செய்வதும் உண்டு. இதில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருக்கும். அது ஆக்சிஜனுடன் சேர்ந்து மெல்லிய படலமாகி உலோகத்தை மூடிக் கொள்ளும். ஆனாலும் பெயரை நம்பி ஏமாறக்கூடாது. உப்பு நீண்ட நாள் தேங்கி நின்றால் இதிலும் சிறு சிறு குழிகள் விழும். அதனால் தொட்டியையும் கழுவியே ஆக வேண்டும்.

கழுவிய பிறகே கொட்டகை

ஒவ்வொரு பனிப்புயலுக்குப் பிறகும் லோரியைக் கழுவுவதுதான் பராமரிப்பில் முதல் விதி. மேற்புறம் பளபளப்பதைவிட அடிப்புறம் சுத்தமாவது முக்கியம். சட்டத்தின் மூலைகள், சக்கர வளைவுகள், இரு தகடுகள் ஒன்றன் மேல் ஒன்று படியும் இடுக்குகள் ஆகியவற்றில்தான் உப்புச் சேறு ஒளிந்திருக்கும். அதே வேளையில், மின்கம்பி இணைப்புகளின் மீது நீரை அதிவேகமாகப் பாய்ச்சக்கூடாது. உப்புநீரை நாமே உள்ளே தள்ளியதாகிவிடும்.

இங்கே ஒரு புதிர். கழுவாத லோரியை -15 பாகைக் குளிரில் வெளியே நிறுத்துவது நல்லதா, அல்லது 15 பாகை வெதுவெதுப்பான கொட்டகைக்குள் நிறுத்துவது நல்லதா?

கொட்டகைதான் பாதுகாப்பு என்று தோன்றும். துருவைப் பொறுத்தவரை அது தவறு. வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் பல வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும். வெளியே உறைந்து கிடந்த உப்புப்பனி கொட்டகைக்குள் உருகி, எல்லா இடுக்குகளிலும் வழிந்து, இரவெல்லாம் இரும்பை அரிக்கும். கழுவிவிட்டு நிறுத்தினால் அதே கொட்டகை லோரியை விரைவில் உலர்த்தும். இங்கே வரிசைதான் முக்கியம்: முதலில் கழுவுதல், பிறகு கொட்டகை.

கண்ணுக்குத் தெரியாத இடங்கள்

கலப்பையைத் தூக்குவதும் இறக்குவதும் ஹைட்ராலிக் உருளைகளின் வேலை. அவற்றிலிருந்து நீளும் தண்டு கண்ணாடி போல வழவழப்பாகக் குரோமியம் பூசப்பட்டிருக்கும். அதில் ஒரு சிறு துருக்குழி விழுந்தாலும், தண்டு உள்ளே போய் வரும்போதெல்லாம் அந்தக் குழியின் ஓரம் ரப்பர் அடைப்பைக் கிழிக்கும். எண்ணெய் கசியும், கலப்பை சரியாகத் தூக்காது. அதனால் லோரியை நிறுத்தும்போது தண்டுகளை முழுவதும் உள்ளே இழுத்து வைப்பார்கள். வெளியே நீட்டியிருக்கும் பகுதிக்குக் கிரீஸ் பூசுவார்கள்.

மின் இணைப்புகளில் ஈரம் புகாமல் இருக்க, மின்சாரத்தைக் கடத்தாத ஒருவகைக் கிரீஸை இடுவார்கள். விளக்கு எரியாத பனிலோரி புயலில் எவ்வளவு ஆபத்தானது என்று எண்ணிப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பிரேக். துரு, தான் உண்டான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக் கொள்ளும். பெரிய லோரிகளின் பிரேக்கில் எஃகுப் பாகத்துக்கும் அதன் மேல் பொருத்திய உராய்வுப் பட்டைக்கும் நடுவே துரு வளர்ந்தால், அது பட்டையை மேலே தள்ளி விரிசல் விடச் செய்யும். சிறிய வண்டிகளில் பிரேக் எண்ணெய் செல்லும் எஃகுக் குழாய்கள் அரிக்கப்படும். உப்பு தூவும் மாநிலங்களில் பழைய வண்டிகளின் பிரேக் குழாய்கள் அரிக்கப்படுவதை ஆராய்ந்த அமெரிக்கத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், 2015-இல் பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. வண்டியின் அடிப்பகுதியைக் குளிர்காலம் முழுவதும் கழுவுங்கள், குழாய்களைச் சோதியுங்கள் என்பதே அதன் சாரம்.

பனி இல்லாத மாதங்களில்

வசந்தம் வந்ததும் வேலை முடிந்துவிடாது. தொட்டியில் மிஞ்சிய உப்பை முழுவதும் காலி செய்து கழுவுவார்கள். உப்பை இழுத்து வரும் சங்கிலிக்கு எண்ணெய் இடுவார்கள். துருவைச் சுரண்டிவிட்டுப் புதிய சாயம் பூசுவார்கள். ஹைட்ராலிக் எண்ணெயில் நீர் கலந்திருக்கிறதா என்று பார்த்து மாற்றுவார்கள்.

அடுத்த குளிர்காலத்துக்கு முன்னால் இன்னொரு வேலையும் உண்டு. கருவி எவ்வளவு உப்பை வீசுகிறது என்று அளந்து சரிசெய்வது. 10 கிலோ வீச வேண்டிய இடத்தில் 13 கிலோ வீசும் கருவி, பணத்தை மட்டும் வீணாக்கவில்லை. அந்தக் கூடுதல் உப்பு லோரியையும் பாலங்களின் கம்பிகளையும் அரிக்கிறது. மீதி ஏரியில் போய்ச் சேர்கிறது. ஒரு தேக்கரண்டி உப்பே ஏறத்தாழ 19 லிட்டர் நன்னீரை மாசுபடுத்தப் போதும் என்று மினசோட்டா மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு மக்களுக்குச் சொல்கிறது. நீரில் கரைந்த குளோரைடை மீண்டும் பிரித்தெடுப்பது மிகக் கடினம். ஆகவே நன்றாகப் பராமரித்த லோரி ஏரியிலுள்ள மீனையும் காக்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்

பனி இல்லாத நம் ஊரிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். மூடியுள்ள 5 கண்ணாடி ஜாடிகள், மணல்தாளால் தேய்த்த 4 இரும்பு ஆணிகள், துத்தநாகம் பூசிய 1 ஆணி, மெல்லிழைத்தாள், ஒரு குவளை நீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பைக் கரைத்த கரைசல் ஆகியவற்றை எடுத்துக் கொள்ளுங்கள்.

ஜாடி 1: ஆணியைக் குழாய் நீரில் நனைத்த தாளில் சுற்றி வையுங்கள்.
ஜாடி 2: ஆணியை உப்புநீரில் நனைத்த தாளில் சுற்றி வையுங்கள்.
ஜாடி 3: ஜாடி 2-ஐப் போலவே செய்து, குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.
ஜாடி 4: ஆணி முழுவதும் கிரீஸ் பூசி, உப்புநீர்த் தாளில் சுற்றி வையுங்கள்.
ஜாடி 5: துத்தநாகம் பூசிய ஆணியில் ஒரு கீறல் போட்டு, உப்புநீர்த் தாளில் சுற்றி வையுங்கள்.

ஜாடி 3-ஐத் தவிர மற்றவற்றை மேசையில் வைத்து, 5 நாள்களுக்குக் காலையும் மாலையும் கவனித்துக் குறிப்பெடுங்கள். எந்த ஜாடியிலும் தாள் காய்ந்துவிடக்கூடாது, அதற்காகவே மூடி. குளிர்பதனப் பெட்டியில் வைக்கும் ஜாடியின் மேல் "பரிசோதனை, உண்ணக்கூடாது" என்று எழுதி ஒட்டுங்கள். ஆணியைக் கீறும்போது பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். ஜாடி 5-இல் வெள்ளைப் பொடி தோன்றினால் அது இரும்பின் துரு அன்று. இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகம் வினைபுரிந்ததன் அடையாளம் அது.

சிந்தித்து எழுதுங்கள்

1. ஜாடி 2-ஐயும் 3-ஐயும் ஒப்பிடும்போது தற்சார்பு மாறி எது? சார்பு மாறி எது? கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் எவை?
2. ஜாடி 2, 3 முடிவுகளைக் கொண்டு, கழுவாத லோரியை வெதுவெதுப்பான கொட்டகையில் நிறுத்தலாமா என்று ஓட்டுநருக்கு விளக்கி 4 வரிகள் எழுதுங்கள்.
3. கலப்பையின் விளிம்புப் பட்டைக்கும் துத்தநாகப் பூச்சுக்கும் உள்ள ஓர் ஒற்றுமையையும் ஒரு வேற்றுமையையும் குறிப்பிடுங்கள்.
4. துத்தநாகத்துக்குப் பதிலாகச் செம்புக் கம்பியை ஆணியில் சுற்றி உப்புநீர்த் தாளில் வைத்தால் என்ன நடக்கும்? வினைத்திறன் வரிசையைப் பார்த்து முதலில் ஊகியுங்கள். பிறகு ஆறாவது ஜாடி ஒன்றை வைத்துச் சரிபாருங்கள்.